விளக்கு வேறு, பெடல் வேறு
வாசகர் கேள்வி – பதில்: டிராக்கில் ஏபிஎஸ் தொல்லை

கேள்வி: 2002ஆம் ஆண்டு தயாரிப்பான கார்வெட் இசட்06 ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்கி, ஆஸ்டினில் உள்ள சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் பந்தயத் தடத்தில் ஆண்டுக்கு நான்கைந்து நாள் ஓட்டிவருகிறேன். சென்ற இருமுறையும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகு ஏபிஎஸ் (கடும் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. சாவியை அணைத்துப் போட்டால் விளக்கு போய்விடுகிறது. இதைவிட அச்சமூட்டியது வேறொன்று. பின்புற நேர்ப்பாதையின் முடிவில், 12ஆம் வளைவுக்காகப் பிரேக்கை அழுத்தியபோது பெடல் மரக்கட்டைபோல் இறுகிவிட்டது; காரோ வேகம் குறையாமல் ஓடி, தடத்துக்கு வெளியே போய் நின்றது. அப்போது எந்த விளக்கும் எரியவில்லை. ஏபிஎஸ் மாட்யூலையே, அதாவது அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றிவிடும்படி மெக்கானிக் சொல்கிறார். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவில் 18 அங்குல அரை ஸ்லிக் டயர்கள் (வெட்டுகள் குறைந்த, பிடிப்பு மிகுந்த டிராக் டயர்கள்) போட்டிருக்கிறேன். மாட்யூலை மாற்றலாமா?
– வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: மாற்றாதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பவை உண்மையில் இரண்டு. விளக்கு எரிவது ஒரு புகார், பெடல் இறுகியது இன்னொரு புகார். முதலாவது பெரும்பாலும் ஒயரிலோ, சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரிலோ, பேரிங்கிலோ இருக்கும் பழுது. இரண்டாவது, எந்தப் பழுதும் இல்லாத ஏபிஎஸ் தவறாகக் கணக்குப் போட்டதன் விளைவு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு மாட்யூலின் தலையில் கட்டுவது பட்டறைகளில் வழக்கமாக நடப்பதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு மாட்யூலுக்குப் பணம் கட்டி, மறுநாளே அதே விளக்கு எரியக் கண்டு, கடைசியில் கைவிரல் நீள ஒயர் ஒன்றை மாற்றிச் சரிசெய்தவன்.

முதலில் விளக்கைப் பார்ப்போம். உங்கள் காரில் ஒரு வசதி உண்டு. பிழைக் குறியீடுகளைப் படிக்க ஸ்கேனர்கூட வேண்டியதில்லை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, டாஷ்போர்டுத் திரையில் நிற்கும் செய்திகளை ரீசெட் பொத்தானால் நீக்கிவிட்டு, ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஃப்யூயல் பொத்தானை நான்கு முறை அழுத்துங்கள். ஒவ்வொரு மாட்யூலும் தன் எண்ணோடு வரிசையாகத் திரையில் வரும். 28 என்ற எண்ணோடு வருவதுதான் பிரேக்குக்குரியது. குறியீட்டின் இறுதியில் சி என்ற எழுத்து நின்றால் அந்தக் கோளாறு இந்த நொடியிலும் இருக்கிறது. ஹெச் என்று நின்றால் முன்பு நேர்ந்து பதிவாகியிருக்கிறது. டிராக்கிலிருந்து பிட்டுக்கு (வண்டி நிறுத்துமிடத்துக்கு) திரும்பிய உடனேயே திரையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலைகளில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான்.

இனி அந்தக் குறியீடு என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தே வழி பிரியும். சி1233 வந்தால், வலது முன்சக்கர சென்சாரின் மின்சுற்று அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். ஆகவே ஒயரையும் கனெக்டரையும் தேட வேண்டும். சி1226 வந்தால் கதை வேறு. சுற்று ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அதே சக்கரத்தின் வேகம் நம்ப முடியாதபடி ஏறி இறங்குகிறது என்று மாட்யூல் சொல்கிறது. அப்போது பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். சி1214 வந்தால் மட்டுமே உங்கள் மெக்கானிக்கின் பேச்சில் நியாயம் உண்டு. பிரேக் அழுத்தத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளுக்கு மின்சாரம் தரும் ரிலேயைப் பற்றிய குறியீடு அது. 2001 முதல் 2004 வரையிலான கார்வெட்களின் மாட்யூலில் நன்கு அறியப்பட்ட நோய். அப்போதும் ஃப்யூஸையும், மாட்யூலிலிருந்து காரின் சட்டத்துக்குப் போகும் எர்த் ஒயரையும் பார்த்துவிட்டுத்தான் மாட்யூலைக் கழற்ற வேண்டும். துரு ஏறிய எர்த் முனையைத் தேய்த்து இறுக்கியதிலேயே தீர்ந்த வழக்குகள் பல. அதிலும் தீராவிட்டால், மாட்யூலுக்குள் இருக்கும் ரிலேயின் சால்டரைப் புதுப்பிப்பவர்களிடம் அனுப்பலாம். புதிய மாட்யூல் தேடி அலைவதைவிட அது எளிது.

ஓடிச் சூடேறிய பிறகே உங்கள் காரில் விளக்கு எரிகிறது என்பதால், என் சந்தேகம் சக்கரத்தின் நடுவில் அதைத் தாங்கும் ஹப் பேரிங்கின் மேல்தான் விழுகிறது. உங்கள் காரில் பேரிங்கும் வேக சென்சாரும் ஒரே ஹப்புக்குள் அடைபட்டவை. பல் வளையம் ஒன்று சுற்ற, அதன் பற்கள் சென்சாரின் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் சிறு மின் அலை பிறக்கிறது. வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். பிடிப்பு மிகுந்த டயர்களோடு வளைவுகளில் ஓட்டும்போது பேரிங் தேய்ந்து சிறிது ஆட்டம் கண்டாலும் அந்த இடைவெளி கூடிக் குறையும்; அலையும் தள்ளாடும். சாதாரணச் சாலையில் தெரியாத இந்த ஆட்டம் டிராக்கில் மட்டும் தெரிவதற்குக் காரணம் இதுவே. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. தெரியாவிட்டால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் வளைவில் டயர் தரும் பாரத்தை நம் கை தராது.

ஆகவே மல்டிமீட்டரை எடுங்கள். சென்சார் கனெக்டரைக் கழற்றி இரு முனைகளுக்கும் நடுவே மின்தடையை அளந்தால் ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவில் இருக்க வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. மீட்டரை இணைத்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பச் சொல்லுங்கள், ஒயரை அங்கங்கே மடக்கி அசைத்துப் பாருங்கள்; எண் துள்ளினால் உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. மேல் உறை முழுதாக இருக்க, உள்ளே கம்பி அறுந்து கிடப்பது இந்த இடத்தில் சகஜம். இதே சோதனையைப் புதிய கார்களில் செய்துவிடாதீர்கள். அவற்றில் உள்ள செயற்படு வகை சென்சார்கள் மாட்யூல் தரும் மின்சாரத்தில் இயங்குபவை. ஓம் அளவு அவற்றைப் பற்றி எதையும் சொல்லாது. அங்கே நான்கு சக்கர வேகங்களையும் ஸ்கேனரில் பதிவு செய்து, நேர்ச்சாலையில் எந்த ஒன்று விலகுகிறது என்று பார்ப்பதே வழி.

இனி இறுகிய பெடலுக்கு வருவோம். அமெரிக்க டிராக் ஓட்டுநர்கள் இதை 'ஐஸ் மோட்' என்பார்கள், பொருத்தமான பெயர்தான். உங்கள் கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை மாட்யூல் சக்கரங்களின் வேகத்தைக் கொண்டே ஊகிக்கிறது. நீங்கள் பெடலைச் சட்டென்று மிதிக்கும் அதே கணத்தில் சக்கரம் ஒரு மேட்டிலோ தடத்தின் ஓரக் கர்பிலோ ஏறி இறங்கிப் பாரம் குறைந்திருந்தால், நொடியின் சிறு பகுதிக்குள் அது நின்றுவிடும். தார்ச்சாலையில் எந்தக் காரும் இவ்வளவு விரைவாக வேகம் குறைய முடியாது என்று மாட்யூலுக்குத் தெரியும். ஆகவே கீழே இருப்பது பனிக்கட்டி என்று முடிவு செய்து, உள்வால்வுகளை அடைத்து, அழுத்தத்தைக் கழித்துவிட்டு, பிறகு நிதானமாகக் கூட்டுகிறது. வால்வு அடைபட்டதால் பிரேக் ஆயிலுக்குப் போக இடமில்லை. அதனால்தான் பெடல் கட்டையாகிறது. பயத்தில் நீங்கள் மேலும் மிதித்தாலும் அந்த அழுத்தம் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் காலிப்பரைச் சேர்வதில்லை.

உங்கள் டயர் மாற்றமும் இதற்குத் துணைபோயிருக்கலாம். இசட்06 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது முன்னே 265/40 அளவில் 17 அங்குலமும், பின்னே 295/35 அளவில் 18 அங்குலமும் கொண்டது. கணக்குப் போட்டால் முன் டயரின் விட்டம் ஏறத்தாழ 644 மில்லிமீட்டர், பின் டயருடையது 664. முன்சக்கரங்கள் எப்போதும் மூன்று சதவீதம் வேகமாகச் சுற்றும் என்பதே மாட்யூல் பழகிய நிலை. நான்கும் ஒரே அளவானால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். பிரேக்கைத் தொடும் முன்பே முன்சக்கரங்கள் சற்று வழுக்குவதுபோல மாட்யூலுக்குத் தோன்றும். இப்படி ஓட்டுபவர்கள் பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மை. எனவே இதை முதல் குற்றவாளியாக்காமல், பழைய அளவு டயர்களை ஒரு நாள் போட்டு ஓட்டி ஒப்பிடுங்கள். தேய்ந்த ஷாக் அப்சார்பர், முன்னும் பின்னும் ஒவ்வாத பிரேக் பேட் ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

பெரிய மருந்து உங்கள் காலில்தான் இருக்கிறது. பெடலைக் குத்தாதீர்கள், முதலில் தொட்டு, முன்சக்கரங்களின் மேல் பாரம் வந்து சேர்ந்த பிறகு முழுமையாக அழுத்துங்கள். எல்லாம் அரை நொடிக்குள் முடிகிற காரியம். அப்படியும் பெடல் இறுகிவிட்டால், காலை ஒரு கணம் முழுவதுமாக எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். மாட்யூல் தன் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். சுவரை நோக்கிப் போகும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கும். ஆகவே அகலமான ஓரம் உள்ள வளைவில், வேகம் குறைவாக இருக்கையில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்காக என் காரில் பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றினேன். காலையில் பெடல் கல்போல் இருந்தது. ஓரிரு முறை ஏபிஎஸ் வேலை செய்த பிறகு பஞ்சுபோல் ஆகிவிட்டது. கசிவு எங்கும் இல்லை.
– வாசகர், சென்னை

பதில்: ஏபிஎஸ் வேலை செய்த பிறகு என்று நீங்கள் குறித்து எழுதியதே பாதி விடை. ஏபிஎஸ் வால்வுகளும் பம்பும் உள்ள மாட்யூலேட்டருக்குள் சாதாரணமாக மூடியிருக்கும் அறைகள் உண்டு. நான்கு சக்கரங்களிலும் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்து பெடலை மிதித்து ஆயில் மாற்றும்போது அங்கே அடைபட்ட காற்று வெளியேறுவதில்லை. டிராக்கில் வால்வுகள் திறந்ததும் அந்தக் காற்று குழாய்களுக்குள் வந்துவிட்டது. உங்கள் காருக்குரிய ஸ்கேனரால் பம்பையும் வால்வுகளையும் இயக்கியபடி மறுபடி காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.

அதோடு எந்த ஆயில் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதியதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நீரை உறிஞ்சி ஈரம் 3.7 சதவீதம் ஆனபின் அதற்கான வரம்பு 155 மட்டுமே. நம் கடற்கரை ஈரத்தில், திறந்து வைத்த டப்பாவில் மீந்த ஆயிலை அடுத்த டிராக் நாளுக்கு எடுத்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிக்கனம் வேண்டாம். டாட் 5 என்ற சிலிக்கான் ஆயிலை ஏபிஎஸ் உள்ள காரில் ஊற்றவே கூடாது, அது காற்றை நுண்குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4இன் இனம்தான்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஏபிஎஸ் இல்லாமலே டிராக்கில் ஓட்டினால் என்ன? பார்முலா 1 கார்களில்கூட ஏபிஎஸ் இல்லையே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பார்முலா 1இல் ஏபிஎஸ் இல்லாததற்குக் காரணம் அது பயனற்றது என்பதல்ல, ஓட்டுநரின் திறமையே முடிவு செய்ய வேண்டும் என்று 1994 பருவத்திலிருந்து விதியால் தடுத்துவிட்டார்கள். ஜிடி3 வகைப் பந்தயக் கார்களில் இன்றும் ஏபிஎஸ் உண்டு. ஓட்டுநர் அதை அளவு மாற்றிக்கொண்டே ஓட்டுகிறார்.

உங்கள் காரைப் பொறுத்தவரை ஃப்யூஸைப் பிடுங்கினால் ஏபிஎஸ் மட்டும் போவதில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் பின்சக்கர அழுத்தத்தை அளவோடு நிறுத்தும் இயந்திர வால்வு கிடையாது. அந்த வேலையையும் அதே மாட்யூல்தான் செய்கிறது. அது நின்றுவிட்டால் கடும் பிரேக்கில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றலாம். ஒரே பிரேக்கில் நான்கு டயர்களும் தட்டையாகத் தேய்ந்துபோகும் செலவு தனி. ஏபிஎஸ் இல்லாமல் ஓட்டிப் பழக வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். அதற்கு இயந்திர வால்வோடு வந்த பழைய கார் ஒன்றைத் தேடுங்கள். உங்கள் ஃப்யூஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.