உலகிலேயே பெரிய விண்கல்லான ஹோபா கிடக்கும் இடத்தில் ஏன் பள்ளம் இல்லை?

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வசிக்கிறேன். இதே கேள்வியை என் மாமனார் தலைகீழாகக் கேட்டார். டர்பனிலிருந்து வந்திருந்தவரை, இங்கிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், விண்கல் மோதி உண்டான ட்ஸ்வாயிங் பள்ளத்துக்குக் கூட்டிப்போனோம். விளிம்பில் நின்று, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் அகலமான அந்த வட்டத்தையும் நடுவில் உப்பு ஏரியையும் பார்த்துவிட்டு, "குழி இருக்கு, கல்லு எங்க மாப்பிள்ளை?" என்றார்.

கல் இல்லை. சுமார் 2,20,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்தது 30 முதல் 50 மீட்டர் அளவுள்ள கல். அந்த அளவுள்ள கல்லின் வேகத்தைக் காற்றால் பெரிதாகக் குறைக்க முடியாது. வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதியதும் கல்லே உருகி ஆவியாகிவிட்டது. ஆதாரம் கையில் சிக்காததால், இதை எரிமலை வாய் என்றே பலர் நினைத்திருந்தார்கள். ஏரியின் நடுவில் துளையிட்டு எடுத்த பாறையைச் சோதித்த பிறகுதான், 1990களில் சந்தேகம் தீர்ந்தது.

நீங்கள் கேட்கும் ஹோபா இதற்கு நேர் எதிர். நமீபியாவில் க்ரூட்ஃபோன்டைன் அருகே ஒரு பண்ணையில் 1920இல் கண்டுபிடித்தார்கள். உழும்போது கலப்பை இரும்பில் உரசி நின்றதாகச் சொல்வார்கள். சுமார் 60 டன், இரும்பும் 16 சதவீதம் நிக்கலும். ஆனால் மூன்று மீட்டருக்கும் குறைவான அகலம், ஒரு மீட்டர்கூட இல்லாத தடிமன். தட்டையான உருவம். சாய்வாக நுழைந்து, காற்றில் நெடுந்தூரம் உராய்ந்து வேகமிழந்து, வினாடிக்குச் சில நூறு மீட்டரில் தரையிறங்கியிருக்கும் என்பதுதான் பொதுவான விளக்கம். விழுந்தபோது சின்னக் குழி ஏற்பட்டிருந்தாலும், மண்ணரிப்பில் எப்போதோ மறைந்திருக்கும். இப்போது கல்லைச் சுற்றித் தெரியும் பள்ளம், பார்க்க வசதியாக மனிதர்கள் தோண்டியது.

சரி, பெரிய பள்ளம் என்றால் கல் மிஞ்சவே மிஞ்சாதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கேயே வடமேற்கு மாகாணத்தில் மோரோக்வெங் என்று ஒரு பள்ளம், வயது 14.5 கோடி ஆண்டுகள். அதில் 770 மீட்டர் ஆழத்தில், துளையிட்டு எடுத்த பாறைக்குள் 25 சென்டிமீட்டர் விண்கல் துண்டு உருகாமல் சிக்கியதாக 2006இல் அறிவித்தார்கள். எப்படித் தப்பியது என்பது ஆய்வாளர்களுக்கே ஆச்சரியம்.

இதைச் சொன்னதும் மாமா, "அப்போ அங்க போலாமா?" என்றார். அங்கே பள்ளமே கலஹாரி மணலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, மேலே பார்க்க ஒன்றும் இல்லை என்றேன்.