பன்றி சாய்த்த சோளத்தில் மாட்டை விடலாமா?

கேள்வி: காட்டோரமாக 2 ஏக்கரில் தீவனச் சோளம் போட்டிருக்கிறேன். மழையில்லாமல் பயிர் வாடிக் கிடந்த நேரத்தில் காட்டுப்பன்றிகள் புகுந்து ஒரு ஓரத்தைச் சாய்த்துவிட்டன. அப்புறம் நல்ல மழை பெய்தது. சாய்ந்த இடத்தில் இப்போது முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று துளிர் வந்திருக்கிறது. வீணாகாமல் மாடுகளை அதில் மேயவிடலாமா? மீதிச் சோளம் பூவெடுத்து நிற்கிறது. பழைய டிராக்டரை வைத்து அறுத்து சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போடலாம் என்று எண்ணம். அறுக்கும்போது உள்ளே இருக்கிற பன்றிகள் வெளியே ஓடிவரும், சுட்டுவிடலாம் என்று வேட்டைக்குப் போகும் நண்பர்கள் சொல்கிறார்கள். வரச் சொல்லலாமா?

பதில்: அந்தத் துளிரில் மாட்டை விடாதீர்கள். வீட்டில் வேறு யாராவது அவிழ்த்துவிடுகிற வழக்கம் இருந்தால் அவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

பார்வைக்கு வயலிலேயே நல்ல தீவனம் அதுதான் என்று தோன்றும். மாட்டுக்கும் அப்படித்தான் தோன்றும், வாய் நேராக அதற்குத்தான் போகும். ஆனால் இளஞ்சோளத்தில், அதிலும் இலையில், துர்ரின் என்ற ஒரு பொருள் நிறைய இருக்கிறது. அது இலையின் மேல்தோல் செல்களில் இருக்கும்; அதைச் சிதைக்கிற நொதி உள்பக்கத்துச் செல்களில் இருக்கும். இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சேர்வதில்லை. மாடு மென்றாலோ, இலை நசுங்கினாலோ, பனியில் கருகினாலோ சேர்ந்துவிடும். அப்போது வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு. பயிர் முற்ற முற்ற துர்ரின் குறையும். உங்கள் வயலில் நடந்திருப்பது அதற்கு நேர்மாறு: வறட்சியில் வளர்ச்சி நின்ற பயிர், பன்றி முறித்த தண்டு, திடீர் மழையில் கணுவிலிருந்தும் தூரிலிருந்தும் கிளம்பிய துளிர். நஞ்சு ஏறுவதற்கான காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

"பன்றி தின்றதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொல்வார்கள். பன்றி தின்றது இந்தத் துளிரை அல்ல, அதற்கு முன் நின்ற பயிரை. தவிர அதன் வயிற்று அமிலம் அந்த நொதியைப் பெருமளவு கெடுத்துவிடும். மாட்டின் முதல் வயிறு அப்படியில்லை. ஈரமும் வெப்பமும் நுண்ணுயிரும் நிறைந்த அந்த இடத்தில் சயனைடு வேகமாகப் பிரியும். தின்ற கால்மணி நேரத்திலேயே மூச்சிரைப்பு, வாயில் நுரை, தள்ளாட்டம், அப்புறம் விழுந்து வலிப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் திசுக்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஈறும் கண் இமையின் உட்புறமும் பளிச்சென்று சிவந்து கிடக்கும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசிகளை கால்நடை மருத்துவர் நரம்பில் போட்டால் பிழைக்கும், அதுவும் அவர் நேரத்துக்கு வந்தால். அப்படி ஏதாவது நடந்தால் மற்ற மாடுகளை விரட்டாமல் மெதுவாக வெளியே ஓட்டுங்கள்.

சாய்ந்த ஓரத்தை வேலிக் கம்பு நட்டுப் பிரித்துவிடுங்கள். சைலேஜிலும் அதைச் சேர்க்க வேண்டாம். நன்றாகப் புளித்த சைலேஜில் சயனைடு பெருமளவு குறைந்துவிடும், அது உண்மை. ஆனால் பன்றி கிளறிய இடத்தில் தட்டையோடு மண்ணும் சாணமும் வரும். மண் கலந்த சைலேஜ் புளிப்பதற்குப் பதில் அழுகும். ஒரு ஓரத்துக்காக முழுக் குழியையும் கெடுத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. துளிர் இடுப்புக்கு மேல் வளர்ந்து முற்றினால் பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்துப் போடலாம். இல்லையென்றால் உழுதுவிடுங்கள்.

நிற்கிற சோளத்துக்கு வருவோம். சைலேஜுக்குச் சோளத்தைக் கதிர் பால் தாண்டி மாவு பிடிக்கும்வரை விடுவதுதான் முறை, சத்தும் கூடும். ஆனால் பன்றி தேடி வருவதும் அந்தப் பால் பிடித்த கதிரைத்தான். ஒருமுறை ருசி கண்ட கூட்டம் உங்களுக்கு விட்டுவைக்காது. அதனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கொஞ்சம் முந்தியே, பூ முடிந்து பால் ஏறும்போதே அறுத்துவிடுவேன். பயிரில் ஈரம் அதிகமாக இருக்கும். அறுத்ததை அரைநாள், ஒருநாள் வாடவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டியதில் ஒரு கை அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்று சாறு வடிந்தால் ஈரம் அதிகம். சாறு வடியாமல் உருண்டை மெல்ல விரிந்தால் சரி, மூடலாம். பொலபொலவென்று உடனே உதிர்ந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது.

யூரியா போட்டிருந்தால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வறட்சியில் வளராமல் நின்ற பயிர், மழை வந்ததும் நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சும். அளவு மிஞ்சினால் மாட்டுக்கு அதுவும் நஞ்சு. அது தண்டின் அடிப்பகுதியில் தங்கும், காயவைத்தாலும் போகாது. மழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் விட்டு, அடியில் ஒரு சாண் கட்டை விட்டு உயர்த்தி அறுங்கள். சைலேஜில் நைட்ரேட்டும் கணிசமாகக் குறையும். குழியை நான்கு வாரத்துக்கு முன் திறக்காதீர்கள். முதல் சில நாள் உலர்தீவனம் கொடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

நண்பர்களை அறுக்கிற அன்று வரச் சொல்லாதீர்கள். வேட்டைக்கு அனுமதி உண்டா இல்லையா என்பது இடத்துக்கு இடம் மாறும் சட்டம், அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் அந்த நேரம் சரியில்லை. பயிர் குறையக் குறைய பன்றிகள் மிச்சமிருக்கும் பட்டைக்குள் ஒதுங்கிக்கொண்டே போகும், கடைசியில் எல்லாம் ஒரே மூச்சில் வெடித்துக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் ஓரத்தில் நிற்பவர் கண்ணில் பன்றி மட்டும்தான் இருக்கும், அதற்குப் பின்னால் டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கல்லில் பட்ட தோட்டா எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே சுற்றி அறுத்து நடுவில் தீவு விடாமல், காட்டுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கிக் காட்டை நோக்கியே அறுத்துக்கொண்டு போங்கள். பன்றி, முயல், தரையில் கூடு கட்டும் பறவை எல்லாம் தானாகவே ஒதுங்கிவிடும்.

துப்பாக்கி விஷயத்தில் பலர் யோசிக்காத இன்னொன்று ஈய ரவை. தீவன வயலில் ரவைத் துப்பாக்கியால் சுட்டால் ரவை தட்டையிலும் மண்ணிலும் தங்கி, சைலேஜுக்குள் போய்ச் சேரும். சைலேஜின் புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். அதைத் தின்று மாடுகளுக்கு ஈய நஞ்சு ஏறிய சம்பவங்கள் உண்டு. அடிபட்டு வயலுக்குள் போய்ச் செத்த விலங்கும் ஆபத்துதான். அந்தச் சடலம் தட்டையோடு வெட்டுப்பட்டு சைலேஜில் கலந்தால், தசைகளை முடக்கிக் கொல்லும் பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய் மாடுகளுக்கு வரலாம். அறுப்பதற்கு முன் வயலை ஒருமுறை நடந்து பாருங்கள். முயலோ எலியோ செத்துக் கிடந்தால் அந்த இடத்துத் தட்டையையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக டிராக்டர். என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓ. (பூட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு) கியர்பாக்ஸ் வழியாகத்தான் ஓடும், தனி கிளட்ச் கிடையாது. கனமான சக்கரம் சுழலும் அறுவை இயந்திரத்தையோ, புதர் வெட்டும் ஸ்லாஷரையோ பூட்டியிருந்தால், நீங்கள் கிளட்சை மிதித்த பிறகும் அந்தச் சுழற்சியின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். பிரேக் சரியாக இருக்கும் வண்டிகூட வரப்பைத் தாண்டிப் போய் நிற்கும். இதற்கென்றே ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று ஒரு இணைப்பு இருக்கிறது, பி.டி.ஓ. முனையில் மாட்டுவது, பெரிய செலவில்லை. உங்கள் வண்டியில் இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஷாஃப்டின் வழக்கமான வேகமான நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. தட்டை அடைத்துக்கொண்டால் வண்டியை முழுக்க அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கத்தி நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகு கை வையுங்கள்.