90 நாள் கடனுக்குப் பை தைக்கலாமா?

கேள்வி: தாராவியில் நாங்கள் 12 பெண்கள் சேர்ந்து துணிப்பை தைத்து விற்கிறோம். ஒரு பெரிய நிறுவனம் மாதம் 5,000 பைகள் கேட்கிறது. பில் கொடுத்து 90 நாள் கழித்துத்தான் பணம் தருமாம். ஒரு பைக்குத் துணி, நூல், அச்சுக்கு 32 ரூபாய், தையல் கூலி 14 ரூபாய், விலை 55 ரூபாய். டிரஸ்ட்டாகப் பதிவு செய்து நன்கொடை வாங்கிச் சமாளிக்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: சகோதரி, பதிவைப் பற்றிப் பிறகு பேசுவோம், எனக்குக் கவலை தருவது அந்த 90 நாள்தான். உங்கள் கணக்குப்படி ஒரு பைக்கு 46 ரூபாய் முன்னதாகவே செலவாகிறது. 5,000 பைகளுக்கு 2,30,000 ரூபாய். முதல் பணம் கைக்கு வருவதற்குள், மூன்று மாத உற்பத்திக்கு 6,90,000 ரூபாய் முடங்கிவிடும். துணிக்கடைக்காரரும் அத்தனை நாள் பொறுக்க மாட்டார், சனிக்கிழமைக் கூலியை நம்பி அடுப்பு மூட்டும் பெண்களாலும் பொறுக்க முடியாது. இரண்டு வட்டிக்குப் புரட்டினால் ஒரு மாத உற்பத்திக்கான வட்டியே 13,800 ரூபாய் ஆகும். அந்த மாத லாபமோ 45,000 ரூபாய்தான். நல்ல நோக்கத்தோடு தொடங்கும் குழுக்கள் பலவும் ஆர்டர் பெருகும் நேரத்தில்தான் கைமுதல் வற்றித் தடுமாறுகின்றன.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவைப் பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்றும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆர்டரை ஏற்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். புகார் கொடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற அச்சம் நியாயமானது. ஆகவே 45 நாள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

டிரஸ்ட்டின் லாபத்தை நீங்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவாகும் லாப நோக்கமற்ற கம்பெனிக்கும் அதே கட்டுப்பாடுதான். உழைக்கும் 12 பேரும் உரிமையாளராக இருக்க விரும்பினால், கூட்டுறவுச் சங்கம் பொருந்தும். 1959-இல் உங்கள் மும்பையிலேயே, கிர்காவில், 7 பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், நன்கொடை வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து, அப்பளம் இடும் பெண்களையே உரிமையாளராக்கி வளர்ந்தது.

நிறுவனத்திடம் துணியை வாங்கித் தரச் சொல்லி, தையலுக்கு மட்டும் விலை பேசுங்கள். அல்லது பாதிப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால், உங்கள் கைமுதல் தாங்கும் அளவுக்கு மட்டும் பைகளை ஒப்புக்கொண்டு, மீதி நேரத்தில் மாட்டுங்கா, சயான் கடைகளுக்கு ரொக்கத்துக்குத் தைத்துக் கொடுங்கள்.