அகதா கிறிஸ்டியின் தீவுக் கதைக்குப் படத்தில் மட்டும் ஏன் வேறு முடிவு?

நாவலைக் காட்சிக்கு ஏற்ப மாற்றி எடுப்பதுதான் திரைத் தழுவல். 1939இல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலில், தீவு வீட்டில் மாட்டிக்கொண்ட பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு சாவுக்கும் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் பீங்கான் பொம்மைகளில் ஒன்று குறையும். எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும் இடம் அது. உண்மை கடைசியில் பாட்டிலுக்குள் கிடைத்த கடிதத்தில்தான் தெரியவரும். இந்த நாவலை நாடகமாக்கும்போது மேடையில் இது எடுபடாது, நடந்ததைச் சொல்ல யாராவது உயிரோடு நிற்க வேண்டும். ஒரே மாவுதான், தோசைக்கென்றால் கொஞ்சம் தண்ணீர் விடுகிறோம் இல்லையா, அப்படி. நாடகத்தில் இருவர் பிழைக்கும் அந்த முடிவையே இயக்குநர் ரெனே கிளேர் தன் 1945 படத்தில் எடுத்துக்கொண்டார். 2015 பிபிசி தொடர் நாவலின் முடிவுக்கே திரும்பியது. சினிமாக்காரர்கள்தான் கதையைக் கெடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1943 நாடகத்துக்காக முடிவை மாற்றி எழுதியவர் கிறிஸ்டியேதான்.