'காத்திரு' என்று மட்டும் சொல்லும் பாடம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

டெக்சாஸில் ஒரு கவுண்டி சுகாதார நிலையத்தில் 16 வருஷம் நர்ஸாக இருந்தேன், பெரும்பாலும் வயசுப் பிள்ளைகள் பிரிவில். அமெரிக்கப் பள்ளிகளில் 'கல்யாணம் வரை விலகியிரு' என்று மட்டும் சொல்லித்தரும் பாலியல் கல்வியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரம்பிக்கும் முன் ஒன்று: கர்ப்ப விகிதம் வேறு, பிரசவ விகிதம் வேறு. கலைந்ததும் கலைத்ததும் முதலாவதில் சேரும், இரண்டாவதில் சேராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி (நியூஜெர்சி): இதெல்லாம் புஷ் கொண்டுவந்ததுதானே?

எல்லோரும் அவர் தலையிலேயே கட்டுகிறார்கள். ரீகன் காலத்தில், 1981-லேயே, இதற்குச் சிறிய அளவில் பணம் ஒதுக்கியாகிவிட்டது. பெரிய பணம் வந்தது 1996-ல், கையெழுத்துப் போட்டவர் கிளின்டன். ஏழைகளுக்கான உதவித்தொகையைத் திருத்தி எழுதிய சட்டத்துக்குள் வருஷத்துக்கு 5 கோடி டாலரைச் செருகிவிட்டார்கள். மத்திய அரசு தரும் ஒவ்வொரு 4 டாலருக்கும் மாநிலம் தன் பங்காக 3 டாலர் போட வேண்டும். கூடவே எட்டு அம்ச நிபந்தனை. கல்யாணத்துக்கு வெளியே உறவு வைத்துக்கொண்டால் மனசுக்கும் உடம்புக்கும் கெடுதல் வரக்கூடும் என்று சொல்லித்தர வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்தப் பணத்தைக் கடைசிவரை தொடாத ஒரே மாநிலம் கலிஃபோர்னியா. புஷ் காலத்தில் தொகை ஏறியது, அவ்வளவுதான்.

கேள்வி (டாலஸ், இரண்டு பெண்களின் அம்மா): வகுப்பில் உண்மையில் என்னதான் செய்வார்கள் மேடம்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்க்க ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஜிம்மில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கையில் அகலமான ஒட்டு டேப். ஒரு துண்டு கிழித்து முன்வரிசைப் பையன் முழங்கையில் ஒட்டினார், உரித்தார். அடுத்தவன் கையில் ஒட்டினார், உரித்தார். நாலாவது கைக்கு வருவதற்குள் டேப் முழுக்க முடியும் அழுக்கும். அதைத் தூக்கிக் காட்டி, "இனிமேல் இது எதிலாவது ஒட்டுமா?" என்று கேட்டார். அந்த டேப்புக்கு அவர் ஒரு பெண் பெயர் வேறு வைத்திருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே இருந்தாள். அவளுக்கு என்ன கதையோ, நான் கேட்கவில்லை. ஆனால் வீட்டிலேயே யாராவது அத்துமீறித் தொட்ட பிள்ளைகள் எங்கள் நிலையத்துக்கு வருவார்கள். அந்த டேப் அவர்களுக்கு என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை. 2020-ல் டெக்சாஸ் கல்வி வாரியம் 1997-க்குப் பிறகு முதல்முறையாக சுகாதாரப் பாடத்திட்டத்தை மாற்றி, 7, 8-ம் வகுப்பில் கருத்தடையையும் சேர்த்தது. பாடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

கேள்வி (சென்னை): காண்டம் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. எல்லாவற்றையும் சொல்லித்தரும் பாடம் படித்த பிள்ளைகள் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை.

கேள்வி (கனடா): கல்யாணம் வரை விலகியிருப்பேன் என்று மோதிரம் போட்டு உறுதிமொழி எடுக்கிறார்களே, அது?

2001-ல் பியர்மன், புரூக்னர் ஆய்வில், உறுதிமொழி எடுத்தவர்கள் சராசரியாக ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டது தெரிந்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் உறுதிமொழியை மீறியபோது அவர்களில் குறைவான பேர்தான் கருத்தடை பயன்படுத்தினார்கள். கைவசம் வைத்துக்கொண்டால் மீறத் தயாராகிவிட்டோம் என்று அர்த்தமாகிவிடுமே! 2009-ல் ரோசன்பாம் ஆய்வு வந்தது. ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால், 82 சதவீதம் பேர் அப்படி ஒரு உறுதிமொழியே எடுக்கவில்லை என்றார்கள்.

கேள்வி (பே ஏரியா): அமெரிக்காவில் டீன் ஏஜ் கர்ப்பம் பயங்கரமாகக் குறைந்திருக்கிறது. அப்போது அந்தப் பாடம் வேலை செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

1991-ல் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 61.8 பிரசவம், 2022-ல் 13.6. பிரசவம் என்றேன், கர்ப்பம் என்று சொல்லவில்லை. இறக்கம் தொடங்கியது 1991-ல், சட்டம் வந்தது 1996-ல், கணக்கு உதைக்கிறது. 1995-க்கும் 2002-க்கும் இடையே கர்ப்பம் குறைந்ததில் 86 சதவீதம் கருத்தடையால், 14 சதவீதம்தான் உறவைத் தவிர்த்ததால் என்று சான்டெல்லி குழு 2007-ல் கணக்கிட்டது. அந்த 14-ஐயும் நான் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். கொலராடோவில் 2009-லிருந்து காப்பர்-டி மாதிரி கருப்பைக்குள் வைப்பது, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி இதையெல்லாம் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்தார்கள். நாலு வருஷத்தில் டீன் ஏஜ் பிரசவம் சுமார் 40 சதவீதம் இறங்கியது.

கேள்வி (கோவை): இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள்...

சென்னைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (ஹூஸ்டன்): பிலடெல்பியா ஆய்வை ஏன் மறைக்கிறீர்கள்? விலகியிருக்கச் சொன்னது ஜெயித்ததே!

மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ஜெம்மட் குழு, 2010. 6, 7-ம் வகுப்புக் கறுப்பினப் பிள்ளைகள் 662 பேர். விலகியிருப்பதை மட்டும் எட்டு மணி நேரம் படித்தவர்களில் இரண்டு வருஷத்துக்குள் உறவு வைத்துக்கொண்டவர்கள் சுமார் 33 சதவீதம், பொதுச் சுகாதாரப் பாடம் படித்த மற்ற குழுவில் சுமார் 47. நல்ல ஆய்வு, நானே பலருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் 'கல்யாணம் வரை' இல்லை, 'நீ தயாராகும் வரை' என்றுதான் இருந்தது. காண்டம் உதவாது என்று சொல்லவில்லை, பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்தினார்கள். அந்த எட்டு அம்ச நிபந்தனைப்படி பார்த்தால் அதற்குப் பணமே கிடைத்திருக்காது.

ஹூஸ்டன் மறுபடி: பெயர் எதுவானால் என்ன, விலகியிரு என்பதுதானே வேலை செய்தது?

12 வயதுப் பிள்ளையிடம் வேலை செய்தது. 12 வயதில் 'இப்போது வேண்டாம்' என்று நானும்தான் சொல்வேன். நம் சண்டை 'விலகியிரு' என்பதோடு இல்லை, 'மட்டும்' என்பதோடு. அரசுப் பணம் வாங்கிய நாலு திட்டங்களை மேத்தமேட்டிகா நிறுவனம் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பல வருஷம் பார்த்து, 2007-ல் அறிக்கை தந்தது. உறவு வைத்துக்கொண்டவர்களில் முதல்முறை சராசரி வயது, படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் ஒன்றே: 14.9.

ஹூஸ்டன்: அந்த நாலும் சின்ன வகுப்பில் எடுத்தவை. உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது யார் ஞாபகப்படுத்தினார்கள்?

சரி, இது நியாயமான கேள்வி. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நாலு திட்டத்தையும் ஆரம்ப, நடுநிலை வகுப்புகளிலேயே முடித்துவிட்டார்கள். பெரிய வகுப்பிலும் தொடர்ந்திருந்தால் மாறியிருக்குமா என்று அந்த அறிக்கை சொல்லாது. அந்த அளவுக்கு நான் உங்கள் பக்கம். ஆனால் தொடர்ந்து என்ன சொல்வீர்கள்? 2004-ல் வாக்ஸ்மன் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் அறிக்கை 13 பாடத்திட்டங்களைப் பார்த்தது. 11-ல் தப்பான, திசைதிருப்பும் தகவல். அதையே 17 வயதிலும் ஞாபகப்படுத்துவீர்களா?

கேள்வி (மதுரை): நம் ஊருக்கு இது பொருந்துமா அக்கா?

'கல்யாணம் வரை' என்பது நம் ஊரில் தலைகீழாகப் போகும் தம்பி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15-19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் தாயானவர்கள் அல்லது கர்ப்பிணிகள், பெரும்பாலும் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாடம்? 2007-ல் பல மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வியையே நிறுத்திவிட்டன.

கேள்வி (பெயர் வேண்டாம்): சொந்தக்காரப் பெண்ணுக்கு 16 வயது, நாள் தள்ளிப்போயிருக்கிறது. கடையில் மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீர்கள். நாளைக் காலையே மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 18-க்குக் கீழ் என்பதால் டாக்டர் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவளைத் திட்டாதீர்கள், நாள் வீணாகும்.

கேள்வி (திருச்சி): சொல்லிக்கொடுத்தால் தூண்டுவது...

மேலே. மேலே. மேலே.

டாலஸ் அம்மா: இப்போதுதான் பெரியவளிடம் கேட்டேன் மேடம். டேப் இல்லையாம். உரித்த சாக்லேட்டை வகுப்பு முழுக்கக் கைமாற்றிவிட்டு, கடைசியில் "இனி யாருக்கு வேணும்?" என்று கேட்டாராம். ஒரு பையன் எனக்கு என்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டானாம்.

அந்த வகுப்பில் அன்றைக்குத் தெளிவாக இருந்தவன் அவன் ஒருவன்தான். கை கழுவச் சொல்லுங்கள்.