அரும்பு என்றால் கீழ்வகுப்பு அல்ல
சகோதரி, திருப்பூரிலிருந்து மன்னார்குடிக்கு வந்ததும் மூன்றாம் வகுப்பு மகனை 'அரும்பு' குழுவில் சேர்த்தார்கள், முதல் வகுப்புக்கே இறக்கிவிட்டார்களோ என்று பதறியிருக்கிறீர்கள். இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை குழந்தையின் இப்போதைய கற்றல் நிலைகள் மட்டுமே, வகுப்பு மாறாது. நிலை உயர்ந்தால் குழுவும் மாறும்.

எதில் தடுமாறுகிறான், எழுத்திலா, கூட்டி வாசிப்பதிலா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். என் மகளுக்குத் தகராறு கணக்கில்தான். நடவு நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து நாற்றைப் பத்துப் பத்தாகக் கட்டவைத்தேன். நான்கு கட்டு, உதிரி மூன்று, நாற்பத்து மூன்று என்று தானே சொன்னாள்! பத்தும் ஒன்றும் அன்றுதான் பிடிபட்டன. உங்கள் மகன் காதுபட மட்டும் அரும்பைக் குறையாகப் பேசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.