கஸ்தூரிக் கட்டி வாங்கினன், மணக்குதே இல்ல, ஏமாத்திட்டாங்களா?

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. வீட்டில தேங்காயெண்ணெய் சோப் செய்யிறாவாம், கஸ்தூரி வாசத்துக்கெண்டு சைக்ளோபென்டாடெக்கனோன் எண்டு லேபிள் ஒட்டின வெள்ளைக் கட்டி வாங்கினாவாம், போத்தலைத் திறந்து எவ்வளவு மோந்தும் ஒண்டும் தெரியேல்ல, கள்ளச் சாமானோ, சோப்பில போட்டா அதில இருக்கிற காரம் (கோஸ்டிக் சோடா) அதை அழிச்சிடுமோ எண்டு.

கடைக்காரரத் திட்டுறதுக்கு முதல் கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. 15 கார்பன் வளையமாக் கோத்து, அதில ஒண்டில ஒட்சிசன் ஒட்டின கீட்டோன் எண்ட வகை இது, மூலக்கூறு பெரிசு, லேசில ஆவியாகாது, அதால மூக்குக்கு வந்து சேர்றதே கொஞ்சம். அதோட மற்ற வாசமெல்லாம் நல்லாப் பிடிக்கிற ஆக்களிலயும் சிலருக்கு சில கஸ்தூரி வாசம் மட்டும் பிடிபடாது, அது வருத்தம் இல்ல. ஒரு பங்கை ஒம்பது பங்கு எத்தில் அல்கஹோல்ல கரைச்சு, கடதாசித் துண்டில தொட்டு, ஸ்பிரிட் பறந்த பிறகு வீட்டில நாலு பேரிட்ட குடுத்துப் பாருங்க, அடுத்த நாளும் அதே துண்டைக் குடுங்க.

இன்னும் சந்தேகமெண்டா சூடு காட்டுங்க. இது உருகிறது 63 டிகிரி கிட்ட, அப்ப கச்சான் காத்தடிக்கிற மத்தியானத்திலயும் கட்டியாத்தான் கிடக்கோணும், சின்னக் கண்ணாடிக் குழாயில போட்டு 70 டிகிரி சுடுதண்ணிக்குள்ள வைச்சா உருகோணும். மத்தியானமே எண்ணெயாப் போச்செண்டா வேற சாமான்: புனுகில இருக்கிற சிவெட்டோன் 31, 32 டிகிரியிலயே இளகிடும், கஸ்தூரி மானிட மஸ்கோன் எப்பவும் எண்ணெய்தான். கொதிதண்ணியிலயும் உருகேல்லையெண்டா மஸ்க் கீட்டோனைத் தந்திருக்கலாம். பேரைப் பாத்து ஏமாறாதீங்க, அது நைட்ரோ கூட்டங்கள் ஒட்டின சின்ன பென்சீன் வளைய வகை, பெரிய வளையமே அதில இல்ல, லேசில சிதையாம உடம்புக் கொழுப்பில தங்கிற சாமான், நானெண்டா திருப்பிக் குடுத்திடுவன்.

இப்பிடிப் பெரிய வளையம் நிலைக்காது எண்டுதான் அந்தக் காலத்து ரசாயனக்காரர் நம்பினவங்க, 1926ல ருஸிச்கா எண்ட ரசாயன விஞ்ஞானி சிவெட்டோனும் மஸ்கோனும் அப்பிடிப் பெரிய வளையம்தான் எண்டு காட்டினார், 1939ல நோபலும் கிடைச்சுது. புனுகுப் பூனையைக் கூட்டில அடைக்காம, மானைக் கொல்லாம இண்டைக்கு இந்த வாசம் வாறது அந்த வேலையாலதான்.

காரத்துக்குப் பயமில்ல, கீட்டோன் தாங்கும். இதே வாசத்தில லாக்டோன் எண்டு விக்கிறாங்களே, அது எஸ்டர் எண்ட வேற வகை, காரத்தில உடையலாம், காரம் இன்னும் அடங்காத சோப் கலவைக்கு அதை வாங்காதீங்க. கட்டியை அப்பிடியே கொட்டவும் வேணாம், தண்ணியில கரையாது, சந்தன எண்ணெயோ அத்தரோ போடுறதெண்டா அதில இளஞ்சூட்டில கரைச்சு ஊத்துங்க. இது முன்னால நிக்கிற வாசம் இல்ல, மற்றதைப் பறக்க விடாமப் பிடிச்சு வைக்கிறதுதான் இதிட வேலை, அதால மணக்கேல்லையெண்டு கூடக்கூடப் போடாதீங்க. முதல்ல ஒரே ஒரு சோப் ஊத்தி, நாலு கிழமை காயவிட்டு மணந்து பாத்திட்டுப் பெரிய அச்சைத் தொடுங்க.